காலெடுத்த பின்னும் பிடித்த பிரேக்

ரோஜா படியேறி வந்தபோது ராக்கப்பன் அடுத்த வருடத்து ஆடி மாதத்தில் இருந்தார். சிவகாசி அச்சகம் ஒன்றில் முப்பத்தாறு வருடம் காலண்டர் பிழை திருத்தி ஓய்வு பெற்றவர் அவர். விருதுநகரில் வீட்டோடு இருந்தாலும் புரூஃப் கட்டு மட்டும் இன்னும் அவரைத் தேடி வந்துகொண்டிருந்தது.

"பிரேக் இன்ஸ்பெக்டரம்மா வீடு இதானாய்யா?"

"இதேதான். என்ன, லைசென்ஸை எங்கேயாவது பிடுங்கி வச்சிட்டாங்களா?" என்றார் ராக்கப்பன். வருகிறவர்களின் பிரச்சினையை அவர்கள் வாய் திறப்பதற்குள் ஊகித்துவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. ஒருமுறைகூடச் சரியாக அமைந்ததில்லை.

"இல்லய்யா. எங்க வீட்டுக்காரக செத்துப்போனாக."

ராக்கப்பன் கையிலிருந்த தாளைக் கீழே வைத்தார். அவள் கழுத்தில் தாலிக்கயிறு கிடந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது. தன் நாக்கைக் கடித்துக்கொண்டு உள்ளே ஓடி மனைவியைக் கூப்பிட்டார்.

யோகலட்சுமி மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்று நான்கு வருடமாகிறது. வண்டிக்காரர்கள் அந்த வேலைக்கு வைத்திருக்கும் பெயர் பிரேக் இன்ஸ்பெக்டர். வேலை போனாலும் பெயர் போகவில்லை. போலீசுக்கும் மெக்கானிக்குக்கும் புரியாத வண்டி விவகாரம் எதுவானாலும் கடைசியில் அவர் வாசலுக்குத்தான் வரும்.

ராக்கப்பன் காபி கொண்டுவந்து, எவர்சில்வர் டம்ளரை எவர்சில்வர் தட்டில் 'டங்'கென்று வைத்தார். ரோஜா உடம்பெல்லாம் தூக்கிப்போட நிமிர்ந்தாள். பிறகு டம்ளரை எடுத்து, பக்கத்தில் கிடந்த காலண்டர் தாள் ஒன்றின் மேல் சத்தமில்லாமல் வைத்தாள்.

"மன்னிச்சுக்கங்கய்யா. பதினோரு வருசப் பழக்கம்."

"பட்டாசு கம்பெனியா?" என்று கேட்டார் யோகலட்சுமி.

"ஆமாம்மா. எம்.புதுப்பட்டியிலயே வேலை. அணுகுண்டுக்குச் சணல் சுத்துதேன்."

பிறகு அவள் சொன்னாள். அவள் கணவன் பாண்டிமுருகன், ஆனைக்குட்டம் பக்கத்துக் கம்பெனி ஒன்றுக்குப் புதுப்பட்டிப் பெண்களை ஏற்றிச்செல்லும் வேன் டிரைவர். வேன் பழசு, பிரேக்கைப் பலம் கொண்டமட்டும் மிதிக்க வேண்டும். மிதித்து மிதித்து அவனுக்கு வலது முட்டி வீங்கிவிட்டது. விருதுநகர் மெக்கானிக் ஜெய்லானி அவனோடு பள்ளியில் படித்த கூட்டாளி. ரோஜாதான் அவரிடம் போய் நின்று, ஏதாவது செய்யுங்கள் என்று கேட்டாள். அவர் கழித்துப்போட்ட பெரிய வேன் ஒன்றிலிருந்து பவர் பிரேக்கைக் கழற்றி இதில் மாட்டினார். ஸ்டீயரிங் பம்பின் எண்ணெய் அழுத்தம் காலுக்குத் துணை செய்யும் வகை அது.

"ஞாயித்துக்கிழமை மாட்டி முடிச்சாரு. அன்னைக்குச் சாயங்காலம் என்னைய முன்னாடி உக்கார வச்சு டேம் வரைக்கும் கூட்டிட்டுப் போனாக. 'பெருவிரலால தொட்டாலே நிக்குதுடி'ன்னு சிரிச்சாக." அவள் நிறுத்தினாள். "புதன்கிழமை வேலை முடிஞ்சு வர்றப்ப ஓடைப் பாலத்து இறக்கத்துல பிரேக் இல்லாமப் போச்சு. எதிர்ல பஸ்சு. பொம்பளைக பதினாலு பேரும் இருக்காகன்னு, வண்டியைத் தான் இருக்கிற பக்கம் மோதுற மாதிரித் திருப்பி வேப்பமரத்துல விட்டுட்டாக. அவுக மட்டும் போயிட்டாக. சுப்புத்தாய் அக்காவுக்குக் காலு நொறுங்கிருச்சு."

"போலீஸ் என்ன சொல்றாங்க?"

"ஓட்டும்போது கண்ணசந்து, காலை பிரேக் மேலயே வச்சிருந்தானாம். அதான் பிரேக் கருகி, எண்ணெய் கொதிச்சு, வேணுங்கிறப்ப பிடிக்கலையாம். பின்னாடி வந்த லாரிக்காரர் வழியெல்லாம் பிரேக் லைட்டு எரிஞ்சுச்சுன்னு சொல்லியிருக்காரு. ஊருல எங்கிட்ட ஒருத்தரும் முகங்கொடுத்துப் பேசறதில்ல. நாப்பது நாளாச்சு."

"அப்படின்னா மெக்கானிக் மேலதான் தப்பு!" என்றார் ராக்கப்பன்.

ரோஜா அவரைப் பார்த்தாள். "ஜெய்லானி அண்ணன் சாமி மாதிரிய்யா. ஆனா அவுக காலு இல்லேன்னா அண்ணன் கைதானே? ரெண்டுல எதக் கேட்டாலும் எனக்கு நெஞ்சு வெடிச்சிரும். இருந்தாலும் தெரியணும். அவுக காலு அந்த பிரேக்கு மேல இருந்துச்சா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கம்மா."

மறுநாள் காலை நொறுங்கிய வேனின் முன்னால் கணவன் மனைவி இருவரும் நின்றார்கள். காவல் நிலைய வளாகத்தில் பழைய டூவீலர்களுக்கு நடுவே அது கிடந்தது. முன்பக்கம் பாதி மரத்தோடு போயிருந்தாலும் பெடலும் அதன் தாங்கியும் முழுசாக இருந்தன.

"மரத்துலயிருந்து இத இழுத்து வந்தது யாரு?" என்று ஏட்டையாவிடம் கேட்டார் யோகலட்சுமி.

"ஜெய்லானி பாய்தாம்மா. பிரேதத்தை எடுத்ததே அவருதான். உள்ள புகுந்து, பெடலுக்கு அடியில மாட்டின காலை அவரே விடுவிச்சாரு."

யோகலட்சுமி நான்கு சக்கரங்களையும் கழற்றச் சொல்லிப் பார்த்தார். நான்கும் ஒரே மாதிரி சூட்டில் நீலம் பாரித்திருந்தன.

"ஒரு சக்கரம் மட்டும் கருகியிருந்தா கோளாறு அந்தச் சக்கரத்துல. நாலும் ஒண்ணுபோல கருகியிருந்தா, நாலுக்கும் பொதுவான இடத்துல, அதாவது பெடல் பக்கத்துல."

"அந்த எண்ணெய் திரும்பி வர்ற குழாய் மடங்கியிருந்தா?" ராக்கப்பன் இரவு முழுக்க யோசித்து வைத்திருந்தார்.

"நல்ல கேள்விதான். பம்புக்குத் திரும்புற வழி அடைச்சா பவர் பிரேக் தானாவே பிடிக்கும். ஆனா இஞ்சினை நிறுத்தினா பம்பு நின்னு, பிரேக்கும் விட்டிரும். அப்படி விட்டுச்சான்னு யாராவது சொல்லணும்."

பிறகு அவர் வேனுக்குள் தலையை நுழைத்து வெகுநேரம் அளந்தார். வெளியே வந்து கையைத் துடைத்தபடி சொன்னார்: "காலை எடுத்ததும் பெடல் முழுசாப் பின்னால வரணும். அப்பத்தான் சக்கரத்துக்குப் போன எண்ணெய் திரும்புற துவாரம் திறக்கும். நெல்லு மணி அளவு முன்னால நின்னாலும் அது மூடியே இருக்கும். ஓட ஓடச் சூடேறும், சூட்டுல எண்ணெய் உப்பும், உப்ப உப்ப பிரேக் இறுகும். கடைசில எண்ணெய் கொதிச்சு, பெடல் பஞ்சாட்டம் கீழே போயிரும். பவர் பிரேக் மாத்தும்போது பெடலுக்கும் பிஸ்டனுக்கும் நடுவுல இருக்கிற தள்ளுகம்பியை நீளமா வச்சிட்டா இதுதான் நடக்கும்."

"ஆக, ஜெய்லானி..."

"கம்பியை அளந்துட்டேன். நூல் பிடிச்ச மாதிரி சரியா இருக்கு."

ராக்கப்பனுக்கு முகம் தொங்கிப்போனது. தானும் ஒருமுறை பார்ப்போம் என்று கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உள்ளே குனிந்தார். பெடல் பின்னால் வந்து முட்டி நிற்கும் இரும்பு நாக்கில், தூசிக்கும் கிரீசுக்கும் நடுவே விரலகலத்துக்கு ஒரு தடம் இருந்தது. காய்ந்த பசை. அதில் மெல்லிய கோடுகள், அச்சுக்கோத்த வரிகள் போல ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல்.

"யோகம், இங்க பாரு! இங்கன சுத்தியிருந்த எதையோ யாரோ அறுத்து எடுத்திருக்காக. பதினோரு வரி. நடுவுல எங்கயும் முடிச்சுத் தடம் இல்ல."

யோகலட்சுமி பார்த்தார். பார்த்துவிட்டு வளாகத்துக்கு வெளியே போய், வேலியோரம் நின்றுகொண்டார். தான் கண்டுபிடித்ததை அவர் பாராட்டவில்லையே என்று ராக்கப்பனுக்குச் சற்று வருத்தமாக இருந்தது.

புதுப்பட்டியில் சுப்புத்தாய் கட்டிலில் கிடந்தாள். காலில் இடுப்புவரை மாவுக்கட்டு. பாண்டிமுருகன் பெயரைக் கேட்டதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அவனப் பத்தி என்னத்தைச் சொல்ல? என் காலை எடுத்துக்கிட்டுப் போயிட்டான். நான் இனிமே யாருக்கு உழைக்க?"

"அன்னைக்கு வண்டி ரயில்வே கேட்டுல நின்னுச்சுன்னு ஏட்டையா சொன்னாரே?" என்றார் யோகலட்சுமி மெதுவாக.

"நின்னுச்சு. ரயிலு போயி கேட்டைத் திறந்த பொறவும் வண்டி நகரல. இஞ்சினை நிறுத்தியிருந்தான். 'இறங்கித் தள்ளுங்கக்கா'ன்னான். பதினாலு பேரு தள்ளியும் அசையல. கல்லு கணக்கா நின்னுச்சு. புகை நாத்தம் வேற. வாளியில தண்ணி மோந்து சக்கரத்துல ஊத்தி, இருபது நிமிசம் கழிச்சுத்தான் விட்டுச்சு."

ராக்கப்பன் தலையை ஆட்டிக்கொண்டார். இஞ்சின் நின்றும் பிரேக் விடவில்லை; குழாய்ச் சந்தேகம் தீர்ந்தது.

"தண்ணி ஊத்தினது யாரு?"

"அவன்தான். பின்னாடி குத்தவச்சு ஊத்திக்கிட்டிருந்தான். இருட்டுற நேரம். பிரேக் லைட்டு வெளிச்சம் மூஞ்சியில விழுந்து, மூஞ்சியே ரத்தமாத் தெரிஞ்சுச்சு. 'என்னலே, கோவமா'ன்னு கேட்டேன். சிரிச்சான்."

"அப்ப வண்டிக்குள்ள?"

"ஒருத்தருமில்ல. எல்லாரும் ரோட்டுல நின்னோம்."

யோகலட்சுமி கட்டிலருகே குனிந்தார். "பெடல்ல ஏதாவது சத்தம் வருமா சுப்புத்தாய்?"

"திங்க, செவ்வா ரெண்டு நாளும் காலை எடுக்கும்போதெல்லாம் டங்கு டங்குன்னு இரும்படிக்கிற சத்தம். நான் முன் சீட்டு, எனக்கு நல்லாக் கேக்கும். புதன்கிழமை காலையிலருந்து சத்தமே இல்ல."

திரும்பி வரும் பஸ்ஸில் ராக்கப்பனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "ஆளு வெளியே நிக்கான், வண்டிக்குள்ள ஒரு காலும் இல்ல, ஆனா லைட்டு எரியுது! பெடலை வேற ஏதோ பிடிச்சு வச்சிருக்கு. அந்தப் புள்ளை புருசன் நிரபராதி! சத்தம் இருந்த ரெண்டு நாளும் பிரேக் சரி. சத்தம் நின்ன அன்னைக்குத்தான் இழுத்திருக்கு. ஜெய்லானிகிட்ட நாளைக்குப் போறோமா?"

"நான் மட்டும் போறேன். நீங்க வீட்டுல இருங்க."

அவர் அப்படிச் சொன்னதே இல்லை. முடிவு சொல்லும் நாளில் தன்னை விட்டுவிடுவதா? சம்பந்தப்பட்ட எல்லாரையும் ஓரிடத்தில் உட்காரவைத்து மனைவி வாய் திறக்கும் அந்தக் கால் மணி நேரத்துக்காகத்தானே அவர் இத்தனை வெயிலில் அலைவது? எல்லாரையும் கூப்பிட மனைவி மறந்துவிட்டார் என்று எண்ணிக்கொண்டு, மறுநாள் காலை அவரே ரோஜாவுக்குப் போன் போட்டு மெக்கானிக் கடைக்கு வரச்சொல்லிவிட்டு, தானும் மனைவியோடு கிளம்பிவிட்டார்.

கடையில் ஜெய்லானி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி ஷாஹிதா பக்கத்தில் நின்றிருந்தாள். ரோஜாவை வாசலில் கண்டதும் யோகலட்சுமியின் முகம் மாறியது. கணவரைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையின் அர்த்தம் ராக்கப்பனுக்கு அப்போது விளங்கவில்லை.

"நல்லதாப் போச்சு, தங்கச்சியும் வந்திருச்சு," என்று எழுந்தார் ஜெய்லானி. "தப்பு என்னுதும்மா. தள்ளுகம்பியை ரெண்டு மில்லி நீளமா வச்சிட்டேன். நாளைக்கு ஸ்டேசன்ல எழுதிக் குடுக்கப் போறேன்."

"கடையைச் சாத்திட்டு ஜெயிலுக்குப் போகப்போறாராம்," என்றாள் ஷாஹிதா, அழுகையை அடக்கி. "நாப்பது நாளா இந்த மனுசன் ஒருவாய் சோறு ஒழுங்காத் திங்கல. நீங்களாவது கேளுங்கம்மா."

"கம்பி இன்னும் வண்டியிலதான் இருக்கு பாய். நான் அளந்தேன். சரியாத்தான் இருக்கு," என்றார் யோகலட்சுமி. "உங்க கையில தப்பில்ல. பாண்டிமுருகன் காலுலயும் தப்பில்ல. கேட்டுல அவன் வண்டிக்குப் பின்னால நிக்கும்போதே லைட்டு எரிஞ்சிருக்கு. உன் புருசன் தூங்கலம்மா ரோஜா. நான் எழுதித் தர்றேன். அதோட விட்ருவோம்."

ரோஜா சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டாள். நாற்பது நாள் சுமந்த கல் இறங்கியது அவள் தோளிலேயே தெரிந்தது. ஆனாலும் அவள் கேட்டாள்: "அண்ணனும் இல்ல, அவுகளும் இல்லேன்னா... பொறவு யாரும்மா?"

"வண்டிக் கோளாறு."

"அதெப்படி யோகம்?" ராக்கப்பனால் பொறுக்க முடியவில்லை. "அந்தத் தடத்தைச் சொல்லு! பெடல் முட்டுற இடத்துல யாரோ மெத்தை வச்சிருக்காக. அந்த மெத்தை கனத்துக்கு பெடல் முன்னாலயே நின்னுபோச்சு, சத்தமும் நின்னுபோச்சு. விபத்துக்குப் பொறவு முதல்ல உள்ள போனது பாய்தான். அவருதான் அறுத்து எடுத்திருக்காரு!"

"என்னங்க, போதும்."

"இரு. பாய் வச்சிருந்தா ஒழுங்கா ஒரு ரப்பர் புஷ் போட்டிருப்பாரு. டிரைவர்னா கறுப்பு டேப்பை ஒட்டியிருப்பான். இது பசை தடவி, இழை மேல இழை ஏறாமச் சுத்தி, முடிச்சே போடாம நுனியை உள்ளாற சொருகின கை. தினம் ஆயிரம் தடவை செஞ்சு பழகின கை. இந்தச் சுத்து எனக்குத் தெரியும்ல, சிவகாசியில எம்புட்டுப் பாத்திருக்கேன், இது அணுகுண்டுக்குச் சணல்..."

நிறுத்தினார். அவருடைய கண்கள் ரோஜாவின் விரல்களில் போய் நின்றன. சணல் உராய்ந்து நுனியெல்லாம் காய்த்துப்போன விரல்கள்.

வாழ்க்கையில் முதன்முறையாக மனைவி சொல்வதற்கு முன்பே ராக்கப்பன் கண்டுபிடித்துவிட்டார். சொன்ன சொல்லைத் திரும்ப விழுங்க முடியுமானால் தன் மீதி ஆயுளைக் கொடுத்திருப்பார்.

கடைக்கு வெளியே ஒரு மினி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. ரோஜா தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இரும்பும் இரும்பும் மோதுச்சு," என்றாள், யாரிடமோ சொல்வதுபோல. "டேமுக்குப் போனப்பவே கேட்டேன். டங்கு டங்குன்னு. எங்க பட்டாசு செட்டுக்குள்ள ஒரு ஆணி விழுந்தாக்கூட எல்லாரும் வெளிய ஓடிருவோம். அம்புட்டுப் பொம்பளைக சேலையிலயும் மருந்து ஒட்டியிருக்கும். ஒரு பொறி பறந்தாப் போதுமே. அவுககிட்டச் சொன்னேன், சிரிச்சாக. செவ்வாக்கிழமை சாயங்காலம் அவுக குளிக்கப் போயிருந்தாக. செட்டுல தரைக்கு விரிக்கிற ரப்பர் பாய்த் துண்டு வீட்டுல கெடந்துச்சு. மடிச்சு வச்சுச் சணலால சுத்தினேன். நான்தான் சுத்தினேன்."

"தங்கச்சி..."

"நீங்க எடுத்தீகளா அண்ணே?"

"காலை எடுக்கையில பாத்தேன்." ஜெய்லானி ஸ்டூலில் சரிந்து உட்கார்ந்தார். "பாத்ததும் யாரு வேலைன்னு தெரிஞ்சுபோச்சு. அவனும் போயிட்டான், நீயாவது மிஞ்சணுமேன்னு... என் மேலயும் தப்பிருக்கு. புதன்கிழமை மத்தியானம் போன் பண்ணான். 'வண்டி இழுக்குதுலே பாயி'ன்னான். நாளைக்குக் காலையில கொண்டான்னு சொல்லிட்டேன். உடனே வாலேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல."

ரோஜா யோகலட்சுமியிடம் திரும்பினாள். "ஏம்மா, அவுக அதைப் பாத்திருப்பாகளா? நான் செஞ்சதுன்னு தெரிஞ்சு போயிருப்பாகளா?"

யோகலட்சுமி இதற்கு மட்டும் உடனே பதில் சொன்னார். "இல்லம்மா. பாத்திருந்தா வெட்டி எறிஞ்சிட்டு ஓட்டியிருப்பான். அவன் சக்கரத்தைத்தான் பாத்தான். தெரியாது."

"தெரியாதா," என்று திருப்பிச் சொன்னாள் ரோஜா. அதில் ஆறுதல் பட்டாளா, அதற்கும் சேர்த்து உடைந்தாளா என்பது ராக்கப்பனுக்குத் தெரியவில்லை. அவள் கீழே சரிவதற்குள் ஷாஹிதா ஓடி வந்து தாங்கிக்கொண்டாள். "அழுதிரும்மா, அழுதிரு," என்று முதுகைத் தடவினாள். ரோஜா அழவில்லை. வெகுநேரம் கழித்து எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு, "அக்காவைப் பாக்கணும்," என்றாள்.

"நாளைக்குப் போகலாம்," என்றார் யோகலட்சுமி.

"இல்லம்மா, இப்பவே."

மத்தியான வெயிலில் ஐவரும் புதுப்பட்டிக்குப் போனார்கள். சுப்புத்தாய் வீட்டுக்குள் ரோஜா மட்டும் போனாள். மற்றவர்கள் வேலியோரம் நின்றார்கள். யோகலட்சுமி கணவரின் பக்கத்தில் வந்து நின்று, "உங்க மேல கோவமில்ல," என்றார். "நீங்க சொல்லாம விட்டிருந்தா, பாய் ஜெயிலுக்குப் போயிருப்பாரு. சொல்லவும் எனக்குத் தைரியம் இல்ல."

ராக்கப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

உள்ளே ரோஜா சொல்லிக்கொண்டிருந்தாள். ஒன்றையும் மறைக்கவில்லை. சொல்லி முடித்ததும் கட்டில் கிரீச்சிட்டது.

"அப்ப முருகன் கண்ணசரல," என்றாள் சுப்புத்தாய்.

"இல்லக்கா."

"நாப்பது நாளும் அவனத் திட்டிக்கிட்டே கெடந்தேனேடி. மண்ணு வாரித் தூத்தினேனே. தண்ணி மோந்து ஊத்தினவன..." அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தேறி, "வெளிய யாருக்கும் சொல்லாத. அவன் காலு மேல தப்பில்லேன்னு ஊருக்கு நானே சொல்லிக்கிடுதேன். எதனாலன்னு எவளாவது கேட்டா, மிஷினு கோளாறும்பேன். ஒன் பேரை எடுக்க மாட்டேன்," என்றாள்.

"எடுங்கக்கா," என்றாள் ரோஜா. "யாருன்னு தெரியலேன்னா ஊரு மறுபடியும் அவுக காலைத்தான் பாக்கும். என் பேரைச் சொல்லுங்க. அப்பத்தான் அவுக பேரு முழுசாத் திரும்பி வரும்."